அடிமை என்கிறீர் — ஆண்டான் யார்?

"இளைஞர் இணையத்துக்கு அடிமையாகிவிட்டனர்!"

இந்தக் குரல் இன்று எங்கும் கேட்கிறது. பள்ளி ஆண்டு விழா மேடையிலே கேட்கிறது, பட்டிமன்றத்திலே கேட்கிறது, கோயில் மண்டபத்துச் சொற்பொழிவிலே கேட்கிறது, திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கேட்கிறது. குரல் கொடுப்போர் பலர், தீர்ப்போ ஒன்று. பிள்ளைகள் கெட்டனர், பெரியோர் சொல் கேளார், அடக்கம் அழிந்தது, ஒழுக்கம் ஒழிந்தது, கலி முற்றிவிட்டது! இதுதான் தீர்ப்பு. தீர்ப்பு வழங்கிய கையோடு, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அந்தத் தீர்ப்பையே நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, எத்தனை பேர் அதைப் பார்த்தனர் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கின்றனர் தீர்ப்பளித்த பெரியோர்!

நகைக்கலாம். ஆனால் நகைத்துவிட்டுப் போய்விட முடியாது. இரவு இரண்டு மணி வரை திரையைத் தடவிக்கொண்டிருக்கும் மாணவன் காலையில் வகுப்பறையில் கண்ணயர்கிறான். யாரோ போட்ட படத்தைப் பார்த்து, அந்த முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டு, கண்ணாடி முன் நின்று கலங்குகிறாள் ஒரு சிறுமி. கடன் வாங்கிச் சீட்டாட்டச் செயலியில் தோற்ற இளைஞர் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்தி தமிழ்நாட்டு நாளேடுகளில் ஒருமுறையன்று, பலமுறை வந்தது. துன்பம் உண்மை; இல்லை என்பார் இல்லை. அதன் காரணம் எது என்பதிலேதான் நமக்கும் தீர்ப்பளிப்போருக்கும் வழக்கு.

அடிமை என்ற சொல் இந்த நாட்டுக்குப் புதிதன்று. பிறப்பால் அடிமை, பெண்ணாகப் பிறந்ததால் அடிமை, பட்ட கடனால் அடிமை என எத்தனையோ அடிமைகளைக் கண்ட நாடு இது. ஒவ்வொரு காலத்திலும் ஆதிக்கக்காரர் அடிமையைத்தான் சுட்டிக்காட்டினர். "அவன் குணம் அப்படி, அவள் தலையெழுத்து அப்படி" என்றனர். பகுத்தறிவு அப்போதெல்லாம் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அடிமை உண்டென்றால், ஆண்டான் யார்?

அதே கேள்வியை இப்போதும் கேட்போம். இந்தப் பழக்கத்தைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் 'அடிக்‌ஷன்' என்ற சொல்லே அந்தக் கேள்விக்கு வழிகாட்டுகிறது. பழைய ரோமாபுரிச் சட்டத்தில், கடனைத் திருப்பித் தர இயலாதவனை, கடன் கொடுத்தவன் கையில் நீதிபதி ஒப்படைப்பார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவனுக்குப் பெயர் 'அடிக்டஸ்'. ஒப்படைத்தவர் ஒருவர், பெற்றுக்கொண்டவர் ஒருவர், நடுவே சிக்கியவன் ஒருவன். இன்றோ சிக்கியவன் பெயர் மட்டுமே ஏட்டில் இருக்கிறது. மற்ற இருவரும் மறைந்துகொண்டனர்!

எது நோய்?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். செல்போனை நெடுநேரம் பார்ப்பவரெல்லாம் நோயாளரல்லர். 1995-இல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், 'இணைய அடிமை நோய்' என்று ஒன்றைக் கேலியாகக் கற்பித்து எழுதினார். எதற்கெடுத்தாலும் நோய்ப் பெயர் சூட்டும் போக்கை எள்ளி நகையாட எழுதியது அது. ஆனால் 'அந்த நோய் எனக்கு உண்டு' என்று சொல்ல ஆட்கள் வந்தனர்! அடுத்து, உளவியலாளர் கிம்பர்லி யங் 1990-களின் பிற்பகுதியில் அதை முறையாக ஆராய்ந்தார். யாரெல்லாம் சிக்கியவர் என்று கண்டறிய அவர் அமைத்த 8 கேள்விகள் எதைத் தழுவியவை? சூதாட்ட வெறியைக் கண்டறிய மருத்துவர் வைத்திருந்த அளவுகோலைத் தழுவியவை. சூதுக்கும் இதற்கும் உள்ள உறவு அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'இணைய அடிமை' என்ற பொதுப் பெயர் இல்லை. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் இருப்பது 'ஆட்ட நோய்'. ஆட்டத்தின் மீது கட்டுப்பாட்டை இழத்தல், உண்பதும் உறங்குவதும் படிப்பதும் பின்னே தள்ளப்பட்டு ஆட்டமே முன்னே நிற்றல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாத காலம் நீடித்தால்தான் நோய் என்கிறது அது. ஆகவே, மகன் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஆடிவிட்டான் என்பதற்காக அவனை நோயாளி என்பதும், அடிப்பதும், மந்திரிப்பவரிடம் இழுத்துச் செல்வதும் அறிவுடைமை ஆகா. உண்மையிலேயே சிக்கிக்கொண்டவனுக்கு வேண்டியதும் அடியன்று, மருத்துவம்! பெங்களூரு நிம்ஹான்சு மருத்துவமனையில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது.

ஆனால் நம்மவர் பலர் முதலில் தேடுவது மருத்துவரையா? சாதகக் கட்டை அல்லவா தேடுகின்றனர்! கிரகம் சரியில்லை என்கிறார் சோதிடர், பரிகாரம் சொல்கிறார், தாயத்துக் கட்டுகிறார். அந்தச் சோதிடரும் இன்று செயலியிலே கடை விரித்து, நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதே செல்போனில்தான் பலன் சொல்கிறார். செல்போனிலிருந்து மகனை மீட்கச் செல்போனிலே பரிகாரம் கேட்கும் இந்தக் காட்சியைவிட மூடநம்பிக்கைக்கு வேறு படம் வேண்டுமோ?

பட்டறையிலே செய்த விலங்கு

ஆண்டானைத் தேடிப் புறப்படுவோம். அவன் கிரகத்தில் இல்லை; கலியில் இல்லை; பட்டறையிலே இருக்கிறான்.

1957-இல் அமெரிக்க உளவியலாளர்கள் பெர்ஸ்டரும் ஸ்கின்னரும், புறாக்களைக் கொண்டு தாங்கள் நடத்திய ஆய்வுகளை ஒரு பெரு நூலாக வெளியிட்டனர். கூண்டில் ஒரு பொத்தான்; புறா அதைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை கொத்துக்கு ஒருமுறை என்று கணக்காகத் தீனி போட்டால், தின்றபின் புறா சற்று இளைப்பாறுகிறது. எப்போது விழும், எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று அறிய முடியாதபடி தீனி போட்டாலோ, அது ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருக்கிறது! தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்துகிறது. சூதாட்டக் கூடத்து இயந்திரம் இந்த விதியில்தான் காசு பறிக்கிறது. விரலால் திரையைத் தள்ளத் தள்ள, எட்டுப் பயனற்ற காட்சிகளுக்குப் பின் ஒன்பதாவதாக மனத்தைப் பறிக்கும் காட்சி ஒன்று வருகிறதே, அந்த ஏற்பாடும் இதே விதிதான்.

புத்தகத்துக்குப் பக்கம் முடிகிறது. நாளேட்டுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு. முடிவு என்ற ஒன்று இருந்தால் மனிதன் எழுந்துவிடுவான் அல்லவா? ஆகவே முடிவை எடுத்துவிட்டனர். தள்ளத் தள்ளத் தீராத பக்கத்தை 2006-இல் உருவாக்கியவர் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். அதன் விளைவைக் கண்டு தாம் வருந்துவதாக 2018-இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். 2009-இல் முகநூலில் 'விருப்பம்' தெரிவிக்கும் பொத்தான் வந்தது; அன்பையும் மதிப்பையும் எண்ணிக்கையாக்கி, எண்ணிக்கை ஏறுமா என்று ஏங்க வைத்தது. அந்த நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் வலுவற்ற ஓர் இடத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017-இல் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில், படக்காட்சி நிறுவனமான நெட்பிளிக்சின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டியாளர் யார் என்று பேசும்போது, உறக்கத்தோடு போட்டியிடுகிறோம் என்றார். உன் மகனின் உறக்கம் அவருக்குப் போட்டிக் கடை! அந்தக் கடையை மூட வைப்பது அவருக்குத் தொழில்!

முதலாளிகள் தம் வீட்டில் என்ன செய்தனர்? ஐபேடு என்னும் கருவியை 2010-இல் உலகுக்கு அளித்த ஸ்டீவ் ஜாப்ஸ், அதைத் தம் பிள்ளைகள் பயன்படுத்தவில்லை என்றும், வீட்டில் பிள்ளைகளின் கருவிப் பயன்பாட்டுக்கு அளவு வைத்திருப்பதாகவும் அந்த ஆண்டே ஒரு செய்தியாளரிடம் கூறியிருந்தார். தான் விற்கும் பண்டத்தைத் தன் வீட்டு உலையில் போடத் தயங்கும் மளிகைக்காரனைக் கண்டால் ஊரார் என்ன கேட்பார்கள்? அந்தக் கேள்வியை இவர்களிடம் கேட்டவர் எத்தனை பேர்?

2012 சனவரியில் ஒரு வாரம், ஏறத்தாழ 6 இலட்சத்து 89 ஆயிரம் பேருடைய முகநூல் பக்கத்தில் வரும் செய்திகளை நிறுவனம் மாற்றி அமைத்தது. சிலருக்கு மகிழ்ச்சிச் செய்திகளைக் குறைத்தது. சிலருக்குத் துயரச் செய்திகளைக் குறைத்தது. அவர்கள் மனநிலை எப்படி மாறுகிறது என்று அளந்தது. இப்படி ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பது அவர்களில் எவருக்கும் சொல்லப்படவில்லை. 2014-இல் ஆய்வுரை வெளியான பிறகே உலகம் அறிந்தது. மாற்றம் மிகச் சிறிதுதான். ஆனால் கூண்டுக்குள் இருப்பது புறாவன்று என்பதையும், கூண்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் அந்த ஒரு வாரம் காட்டிவிட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள், சிறுவரைக் கட்டிவைக்கும் வகையில் தளங்களை அமைத்ததாக அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. நிறுவனம் குற்றத்தை மறுக்கிறது. குற்றம் சாட்டப்பட்டது பிள்ளைகள் மீதன்று என்பதையேனும் நம் நாட்டுத் தீர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டாமா?

விதை விழுந்த நிலம்

"எல்லாப் பிள்ளைகளும்தான் செல்போன் வைத்திருக்கின்றனர். எல்லாரும் சிக்கவில்லையே! சிக்கியவன் குணம்தானே காரணம்?" என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி, விடை சொல்வோம்.

கொசு தெருவில் எல்லாரையும்தான் கடிக்கிறது. காய்ச்சல் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. காய்ச்சல் வந்தவன் உடல்வாகைக் குறை கூறிவிட்டுக் குட்டையை அப்படியே விட்டுவிடுகிறோமா? குட்டையையும் தூர்க்கிறோம், காய்ச்சல் வந்தவன் உடலில் எது குறைந்தது என்றும் பார்க்கிறோம். இங்கும் அதுவே முறை.

எந்தப் பிள்ளைகள் எளிதில் சிக்குகின்றனர் என்பதைப் பல நாட்டு ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். தனிமையில் வாடுபவர், மனச்சோர்வும் பதற்றமும் உடையவர், தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுபவர், கவனக்குறைவுக் கோளாறு உடையவர், ஓயாச் சண்டை நிகழும் வீட்டில் வளர்பவர் ஆகியோரே திரும்பத் திரும்பத் தென்படுகின்றனர். சோர்வு திரைக்குத் தள்ளுகிறது. திரை உறக்கத்தைத் திருடுகிறது. உறக்கம் கெட்டால் சோர்வு மிகுகிறது. எது முதல், எது முடிவு என்று பிரிக்க முடியாத சுழல் இது. இந்தச் சுழலில் சிக்கியவனிடம் போய், "உனக்கு வெட்கமில்லையா?" என்று கேட்பது, நீரில் மூழ்குபவனிடம் நனைந்துவிட்டாயே என்று கோபிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னும் கேளுங்கள். அவன் விளையாட இடம் எங்கே? ஊர்ப் பொட்டல் வீட்டு மனையாயிற்று. பள்ளியில் விளையாட்டு வகுப்பு அட்டவணையில் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வந்து அதை எடுத்துக்கொள்கிறார். பள்ளி முடிந்தால் பயிற்சி வகுப்பு. அது முடிந்தால் மாதிரித் தேர்வு. அதற்கும் மேலே நுழைவுத் தேர்வு என்னும் கத்தி. காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை எவருக்கோ சொந்தமாக இருக்கும் பிள்ளைக்கு, பத்து மணிக்குப் பிறகு கிடைக்கும் இருட்டு ஒன்றுதான் சொந்தம். அந்த இருட்டில் அவன் கையில் ஒளிரும் பொருள் ஒன்றுதான். அதைப் பற்றிக்கொள்கிறான்.

திருப்பூரிலோ வேறெங்கோ ஆலையில் தந்தையும் தாயும் மாறி மாறி வேலைக்குச் செல்லும் வீட்டைப் பாருங்கள். சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; ஆள் வைக்கக் கூலி போதாது. செல்போனே ஆயாவாகிறது. உடனே கூறுவர்: "தாய் கவனிக்கவில்லை!" தந்தை கவனிக்கவில்லை என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? எட்டு மணி நேர உழைப்பைப் பன்னிரண்டாக்கிய ஆலை கவனிக்கவில்லை என்று கேட்டதுண்டா? பழி விழும்போது மட்டும் அது பெண்ணின் மடியைத் தேடி விழுகிறதே, அதன் மாயம் என்ன?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. முதலில் இலவசம். பிறகு, நூற்றுக்கணக்கான ரூபாய் விற்ற ஒரு ஜிபி டேட்டா, பத்திருபது ரூபாய்க்குள் இறங்கியது. ஏழை வீட்டுக்கும் இணையம் எட்டியது, அதை வரவேற்கிறோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பரில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் "செல்போனிலே படி" என்று கட்டளையிட்டவர் யார்? நாம். பத்தொன்பது மாதம் கையில் திணித்ததை, இருபதாம் மாதம் "ஏன் பிடித்திருக்கிறாய்?" என்று பறிக்க வந்தவரும் நாமே.

நாட்டுப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 'அசர்' ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுவதைக் கேளுங்கள். 14 முதல் 16 அகவைப் பிள்ளைகளில் 100-க்கு 82 பேருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியோர் 100-க்கு 57. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76. கருவி போய்ச் சேர்ந்துவிட்டது. அதைக் கல்விக் கருவியாக ஆக்கும் ஆசிரியரும் நூலும் நேரமும் அந்த வேகத்தில் போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளியிலேதான் வணிகன் தன் கூடாரத்தை அடித்திருக்கிறான்.

பெண்ணுக்கு மட்டும் ஏன் பூட்டு?

இனி, இந்தக் கூச்சலுக்குள்ளே மறைந்து வரும் மற்றொரு வஞ்சகத்தைக் காட்டியாக வேண்டும்.

2016-இல் குசராத்து மாநிலம் மெகசானா மாவட்டத்தில் சூரஜ் என்னும் சிற்றூரின் பெரியோர் கூடி, மணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தனர், மீறினால் தண்டம். 2019-இல் அதே மாநிலத்துப் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு சாதியின் தலைவர்கள் கூடி, தம் சாதியின் மணமாகாத பெண்களுக்கு அதே தடையை விதித்தனர். படிப்புக் கெடுகிறது, நேரம் வீணாகிறது என்பது சொன்ன காரணம். அதே ஊரில் அதே வயதுப் பையனின் நேரம் மட்டும் வீணாகாதோ? அவன் படிப்பு மட்டும் இரும்பால் ஆனதோ?

சொல்லாத காரணம் நமக்குத் தெரியும். செல்போன் வழியே பெண் தன் விருப்பத்தைப் பேசிவிடுவாள். சாதி கடந்து ஒருவனைத் தேர்ந்துவிடுவாள். கொடுமை நேர்ந்தால் உதவிக்கு அழைத்துவிடுவாள். அச்சம் அதுவே! 'இணைய அடிமை' என்ற புதுப் பெயரை முகமூடியாக்கி, 'பெண் அடிமை' என்ற பழைய நோய் வீட்டுக்குள் நுழைகிறது.

குசராத்தைச் சொல்லி நாம் மார்தட்ட வேண்டா. இங்கே தீர்மானம் போடாமலே அது நடக்கிறது. அண்ணன் கையில் செல்போன் இருக்கும். தங்கை கையிலிருந்து அது பிடுங்கப்படும். முன்னே சொன்ன 'அசர்' அறிக்கையே சான்று: திறன்பேசி பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் தமக்கென ஒன்றை வைத்திருப்போர் 100-க்கு 36, பெண்களில் 27. பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்போர் இருபாலரையும் ஒரே அளவுகோலால் காக்கட்டும். பெண்ணுக்கு மட்டும் பூட்டு என்றால், அது காப்பன்று, காவல்!

தடை போட்டால் தீருமா?

"சீனத்தைப் பார், தடை போட்டுவிட்டான்" என்பார் உளர். ஆம், 2021 ஆகஸ்டில் சீன அரசு, 18 வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய ஆட்டம் ஆடலாம் என்று ஆணையிட்டது. தென்கொரியா அதற்குப் பத்தாண்டு முன்பே, 2011-இல், 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆடக் கூடாது என்று சட்டம் செய்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்தனர். ஆட்டமும் கணினியை விட்டு, அந்தச் சட்டம் எட்டாத செல்போனுக்குக் குடிபெயர்ந்தது. 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைக்கத் தடை 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு நல்ல கூறு உண்டு: தண்டம் நிறுவனத்துக்கு, பிள்ளைக்குமில்லை, பெற்றோருக்குமில்லை. கடிவாளம் குதிரைக்குப் போடப்பட வேண்டும், குதிரை மிதித்தவனுக்கன்று!

முதலாளிகளை எதிர்த்து அரசு என்ன செய்துவிட முடியும் என்று சோர்ந்து பேசுவோருக்கு, நம் நாட்டுச் சூதாட்டச் செயலிகளின் கதையை நினைவூட்டுகிறோம். 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம். 2021 பிப்ரவரியில் சட்டம். 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் சட்டமுன்வரைவு. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடுக்க முடியாது என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் கட்டி ஆடத் தடை என்று விதி செய்தது மாநில ஆணையம். அந்த விதி செல்லும் என்று சூனில் தீர்ப்பு வந்தது. முடிவில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சில நாள்களிலேயே பெரிய நிறுவனங்கள் பல கடையை மூடின. திரை நட்சத்திரங்களும் ஆட்டக்காரர்களும் "வா, விளையாடு" என்று கூவிய கூவல் அடங்கியது.

ஐந்தாண்டு ஆயிற்று, எத்தனையோ உயிர்கள் போயின, ஆயினும் ஆண்டானின் மீது கை வைக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. பணத்தைப் பறிக்கும் சூதுக்குச் சட்டம் வந்தது. நேரத்தையும் உறக்கத்தையும் பறிக்கும் சூதுக்கு எப்போது?

நாம் கேட்பது

கருவியின் மீது நமக்குப் பகை இல்லை. ஒவ்வொருவர் பையிலும் கம்பியில்லாப் பேசும் கருவி இருக்கும், முகம் பார்த்துப் பேசலாம், ஓரிடத்திலிருந்தே பல ஊர் மக்களுக்குக் கல்வி புகட்டலாம் என்று, 'இனிவரும் உலகம்' என்ற தம் நூலில் எண்பது ஆண்டுக்கு முன்பே மகிழ்ந்து எழுதியவர் பெரியார். அந்த அறிவியல் நமக்கு உரியது. அதை மனித மனத்துக்குத் தூண்டிலாக்கிய வணிகமே நமக்குப் பகை.

ஆகவே நாம் கேட்பது இவை. சிறுவர் பயன்படுத்தும் தளங்களில் தீராப் பக்கமும், தானே தொடரும் படக்காட்சியும், நள்ளிரவு மணியோசையும் இருக்கக் கூடாது. சிறுவரைப் பின்தொடர்ந்து வேவு பார்த்து விளம்பரம் செலுத்துவதை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2025 நவம்பரில்தான் அதற்கு விதிகள் வந்தன. முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாதத் தவணையும் தரப்பட்டது. தவணை முடிந்தபின் அது ஏட்டுச் சுரைக்காயாக ஆகிவிடாமல் காக்க வேண்டும். விளையாட்டு வகுப்பைத் தேர்வுக்குப் பலியிடுவது நிற்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் மனநல ஆலோசகர் வேண்டும். இப்போதே துன்பத்தில் இருப்போருக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் உள்ளது. தாயத்துக்குப் போகும் காலணாவும் இல்லாமல் அதை அழைக்கலாம் என்பதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். ஒரு காலத்தில் வேலையற்று நின்ற இளைஞனுக்கு நம் படிப்பகம் இருந்தது. கீற்றுக் கொட்டகை, இரண்டு பலகை, நாலு ஏடு, ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பர், கேட்டவர் வாதிடுவர், வாதிட்டவர் மறுநாள் மேடை ஏறுவர். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சென்னையிலும் மதுரையிலும் மாபெரும் நூலகங்கள் எழுந்துள்ளன, பெருமைதான். ஆனால் நம் தெருவில், மாலை ஆறு மணிக்குமேல், ஆணும் பெண்ணும் அச்சமின்றி வந்து அமர ஓர் அறை உண்டா? அந்த அறையை நாம் மூடிவிட்டோம். மூடிய அறைக்கு எதிரே முதலாளி கடை திறந்தான். இளைஞன் அங்கே போனான். குற்றம் யாருடையது?

தம்பி! தங்கையே! உங்களுக்கும் சொல்கிறோம். உங்கள் மீது குற்றமில்லை. ஆனால் விடுதலையில் உங்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை விரல் தானாகத் திரையைத் தள்ளும்போது, "இப்போது தள்ளுவது நானா, என்னைத் தள்ள வைப்பது யார்?" என்று ஒருமுறை கேளுங்கள். கேள்வி கேட்கும் பழக்கம் வந்த இடத்தில் எந்த ஆண்டானும் நெடுநாள் நிலைத்ததில்லை.

1976-இல் இந்த நாடு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கண்டது. அந்தச் சட்டம் கொத்தடிமையைப் பார்த்து "ஏன் அடிமையானாய்?" என்று கேட்கவில்லை. அவன் கடன் ஒழிந்தது என்றது. அவனைக் கட்டி வைத்தவனுக்குச் சிறை என்றது. அந்த நீதியைத்தான் நம் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம்.